இரு வெறுப்புகள் இணைந்த காலம்: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் யூத எதிர்ப்பு எழுத்தும் மண்ணின் மைந்தர் வாதமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



அமெரிக்க வரலாற்றில் எந்தப் பொருளை வேண்டுமானாலும் எடுத்துப் பேசலாம் என்று எனக்கு உரிமை கொடுத்தீர்கள். நான் எடுத்துக்கொண்டது செவிக்கு இனிமையான பொருள் அன்று. நம் கல்லூரிப் பாடநூல்களில் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கா என்றால் அடிமை முறை, உள்நாட்டுப் போர், ரயில்பாதை, தொழில் வளர்ச்சி. யூத வெறுப்பு என்றால் 20-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா. இந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் இடையே விடுபட்டுப்போன ஒரு பகுதியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நூற்றாண்டின் அமெரிக்காவில் வந்தேறிகளை வெறுத்த மண்ணின் மைந்தர் வாதமும் யூத வெறுப்பும் பல பத்தாண்டுகள் தனித்தனி வாய்க்கால்களில்தான் ஓடின. கடைசி 20 ஆண்டுகளில்தான் அவை ஒன்றாகக் கலந்தன. கலக்க வைத்தது எழுத்து. நாவல், மாத இதழ்க் கட்டுரை, கேலிச்சித்திரம், நாடாளுமன்ற உரை என்று மரியாதையான உருவங்களில் வந்த எழுத்து. வெறுப்புக்குக் காரணமாக அதுவரை மதம் இருந்த இடத்தில் அந்த எழுத்து ரத்தத்தை உட்கார வைத்தது. அதன் பிறகு இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. சட்டம் திறந்துவிட்ட கதவு

1790-ஆம் ஆண்டின் இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று, ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகர யூத சபைக்கு ஜார்ஜ் வாஷிங்டன் எழுதிய கடிதம். மதவெறிக்கு இந்த அரசு இடம் கொடுக்காது என்றும், வழிபாட்டு உரிமை ஒரு சாரார் மனமிரங்கி இன்னொரு சாராருக்குக் கொடுக்கும் சலுகை இல்லை, பிறப்போடு வந்த உரிமை என்றும் அதில் அவர் உறுதி சொன்னார். இன்னொன்று, அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம். சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே குடியுரிமை கோரலாம் என்றது அது. அந்தக் கணக்கில் யூதர்கள் உள்ளே இருந்தார்கள். கறுப்பர்களும் செவ்விந்தியரும் வெளியே நின்றார்கள். தங்களை மண்ணின் மைந்தர் என்று பிற்காலத்தில் அழைத்துக்கொண்டவர்கள் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்பதையும், அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்களை அவர்கள் ஒருபோதும் அந்தப் பெயரால் கருதவில்லை என்பதையும் இன்றைய உரை முழுக்க நாம் மறக்கக்கூடாது.

மாநில அளவில் தடைகள் இருந்தன. மேரிலாந்தில் அரசுப் பதவி ஏற்பவர் கிறித்தவ நம்பிக்கையை அறிவிக்க வேண்டியிருந்தது. அதை மாற்றப் போராடியவர் தாமஸ் கென்னடி என்ற கிறித்தவர், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். என் மாவட்டத்தில் யூதர் யாரும் இல்லை, எனக்கு ஒரு யூதரையும் தெரியாது என்று சட்டமன்றத்தில் சொல்லிவிட்டுத்தான் அவர்களுக்காக வாதாடினார். 1823 தேர்தலில் இதற்காகவே அவரைத் தோற்கடித்தார்கள். அவர் மீண்டும் வென்று வந்தார். 1826-இல் சட்டம் நிறைவேறியது. வடக்கு கரோலினாவில் 1868 வரையும் நியூ ஹாம்ப்ஷயரில் 1877 வரையும் இத்தகைய தடை நீடித்தது.

ஆனாலும் ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இது பெரிய திறப்பு. 1840-இல் ஏறத்தாழ 15,000 ஆக இருந்த யூதர் தொகை 1880-இல் ஏறத்தாழ 2,50,000 ஆனது. பெரும்பாலோர் ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள். முதுகில் துணி மூட்டையும் ஊசி நூலுமாகப் பண்ணை பண்ணையாக நடந்து விற்றவர்கள், பிறகு குறுக்குச் சாலைகளில் கடை போட்டவர்கள். அவர்களை நேருக்கு நேர் தடுக்கச் சட்டத்தில் வழி இல்லை. அதனால்தான் எழுத்தின் பங்கு அங்கே அவ்வளவு பெரிதானது.

2. முதல் இலக்கு கத்தோலிக்கர்

1830-களில் மண்ணின் மைந்தர் வாதத்துக்கு எதிரி யார் என்பதில் ஐயமே இல்லை: போப்பாண்டவரும் அவருடைய அடியார்களும். 1834 ஆகஸ்டில் பாஸ்டனுக்கு அருகே சார்ல்ஸ்டவுனில் உர்சுலின் கன்னியர் மடத்தைக் கும்பல் எரித்தது. அந்த மடத்துப் பள்ளியில் படித்தவர்களில் பலர் வசதியான புராட்டஸ்டன்ட் வீட்டுப் பெண்பிள்ளைகள். 1835-இல் சாமுவேல் மோர்ஸ் ஒரு நூல் வெளியிட்டார். தந்தியின் வரலாற்றில் நாம் மரியாதையோடு படிக்கும் அதே மோர்ஸ்தான். ஐரோப்பிய முடியரசுகள் கத்தோலிக்கக் குடியேறிகளை அனுப்பி அமெரிக்கச் சுதந்திரத்தைக் கவிழ்க்கச் சதி செய்கின்றன என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு அவர் நியூயார்க் மேயர் பதவிக்கும் நின்று தோற்றார். 1836-இல் மரியா மங்க் என்ற பெண்ணின் பெயரில், மான்ட்ரியல் கன்னியர் மடத்தின் ‘இரகசியங்கள்’ என்று ஒரு நூல் வந்தது. வில்லியம் ஸ்டோன் என்ற புராட்டஸ்டன்ட் பத்திரிகையாளர் அந்த மடத்துக்கே போய் அறை அறையாகப் பார்த்து, நூலில் சொன்ன எதுவும் அங்கே பொருந்தவில்லை என்று எழுதினார். நூலின் விற்பனை அதனால் நிற்கவில்லை.

இந்த இடத்தில் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். லூயிஸ் சார்ல்ஸ் லெவின். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1808-இல் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். வழக்கறிஞர், மேடைப் பேச்சாளர். பிலடெல்பியாவில் மண்ணின் மைந்தர் கட்சியைக் கட்டியவர்களில் முதன்மையானவர். அதற்காக ஒரு நாளிதழையும் நடத்தினார். 1844 மே மாதம் அந்த நகரின் கென்சிங்டன் பகுதியில், ஐரிஷ் கத்தோலிக்கர் நெருக்கமாக வாழ்ந்த தெருக்களில் இக்கட்சி கூட்டம் போட்டது, கலவரம் மூண்டது, வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. ஜூலையில் சவுத்வார்க் பகுதியில் மறுபடியும். அதே ஆண்டு தேர்தலில் லெவின் நாடாளுமன்றம் சென்றார்; 1851 வரை உறுப்பினராக இருந்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் யூதர்களில் ஒருவர், வந்தேறி எதிர்ப்பின் தலைவராகத்தான் அங்கே போனார்.

லெவினைத் தனிமனித விபரீதமாகச் சொல்லிக் கடந்துபோவது பலருக்கு வசதி. எனக்கு அவர் ஒரு சான்று. பிறப்பால் யூதரான ஒருவர் 1844-இல் மண்ணின் மைந்தர் இயக்கத்துக்குத் தலைமை தாங்க முடிந்தது என்றால், அந்த இயக்கம் அப்போது ஒருவருடைய ரத்தத்தைக் கேட்கவில்லை, அவர் யாருக்கு விசுவாசமாக இருக்கிறார் என்று மட்டும் கேட்டது என்று பொருள். ரோமுக்கா, வாஷிங்டனுக்கா என்பதே அதன் கேள்வி. அந்தக் கேள்வி கொடியது. தெருவில் பிணங்களை விழ வைத்தது. ஆனால் யூதருக்கு எதிரான கேள்வியாக அது இன்னும் மாறவில்லை. 1850-களில் ‘எதுவும் தெரியாதவர்கள்’ என்று பெயர்பெற்ற கட்சி, குடியுரிமைக்கு 21 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று கோரியபோதும் கண் வைத்தது ஐரிஷ் வாக்குகளின் மேல்தான். 1856-இல் அதன் வேட்பாளர் மில்லர்டு பில்மோர் வென்ற ஒரே மாநிலம் மேரிலாந்து. பிறகு அடிமை முறைப் பிரச்சினை அந்தக் கட்சியையே பிளந்து விழுங்கியது.

3. பேரேடும் படை ஆணையும்

அப்படியானால் அந்தக் காலத்தில் யூதருக்கு எதிரான எழுத்து இல்லையா? இருந்தது. அது வாழ்ந்த இடம் வேறு.

1837-இன் நிதி நெருக்கடியில் கடன் கொடுத்தவர்கள் பலர் மூழ்கினார்கள். யாரை நம்பிச் சரக்கு அனுப்பலாம் என்று தெரிந்துகொள்ளும் தேவையிலிருந்து, 1841-இல் நியூயார்க்கில் ஒரு வணிகத் தகவல் நிறுவனம் பிறந்தது. தொடங்கியவர் லூயிஸ் டப்பன். அடிமை ஒழிப்புக்காகத் தன் செல்வத்தையும் பாதுகாப்பையும் பணயம் வைத்த உத்தமர் அவர். ஊர் ஊராக வழக்கறிஞர்களும் வங்கிக்காரர்களும் உள்ளூர்க் கடைக்காரர்களைப் பற்றி எழுதி அனுப்புவார்கள். தலைமையகத்தில் அவற்றைப் பேரேடுகளில் ஏற்றுவார்கள். அந்தப் பேரேடுகள் 2,500-க்கும் மேற்பட்டவை இன்று ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன.

மாணவர்கள் இந்த வகை ஆவணத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பொடி எழுத்து, இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சுருக்கங்கள். ஒரு கடைக்காரர் பெயர், என்ன வியாபாரம், எத்தனை வயது, குடிப்பாரா, கையிருப்பு எவ்வளவு. ஜெர்மன் யூதர் என்றால் அதுவும் ஒரு தகவலாக அங்கே ஏறும். நேர்மையாகக் கடனைக் கட்டிவருபவரைப் பற்றி எழுதும்போதுகூட, யூதராக இருந்தாலும் நாணயமானவர் என்ற தொனியில் வரும். அந்த ‘இருந்தாலும்’ என்ற இழுப்பில்தான் விஷம் இருக்கிறது. கடைக்காரர் தன்னைப் பற்றி எழுதியதை ஒருநாளும் படிக்கப்போவதில்லை. மறுக்கவும் வழி இல்லை. நியூயார்க்கிலிருந்து சரக்கு வராதபோது ஏன் வரவில்லை என்றும் அவருக்குத் தெரியாது. 1867-இல் தீக்காப்பீட்டு நிறுவனங்கள் சில, யூத வணிகர்களின் கடைகளுக்குக் காப்பீடு தருவதில் எச்சரிக்கை வேண்டும் என்று முகவர்களுக்கு அறிவுறுத்தியது வெளியே கசிந்தது. யூத வணிகர்கள் பல நகரங்களில் கூடிக் கண்டித்தார்கள், பாலிசிகளை ரத்து செய்தார்கள். ஆனால் கடைக்குத் தானே தீ வைத்துக் காப்பீட்டுப் பணம் வாங்கும் யூதர் என்ற பாத்திரம் அடுத்த 40 ஆண்டுகள் நகைச்சுவை இதழ்களில் வாழ்ந்தது.

இதே காலத்தின் மிகப் பெரிய ஆவணம் ஒரு படைத் தளபதியின் ஆணை. 1862 டிசம்பர் 17. மிசிசிப்பியில் முகாமிட்டிருந்த வடக்குப் படையின் யுலிசீஸ் கிராண்ட் தன் 11-ஆம் எண் பொது ஆணையைப் பிறப்பித்தார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் தெற்கின் பருத்திக்கு வடக்கில் தங்க விலை. அனுமதிச் சீட்டோடும் இல்லாமலும் பருத்தி கைமாறியது. ராணுவ அதிகாரிகளே பங்கு வாங்கினார்கள். எல்லா மதத்தாரும் செய்த இந்தக் கள்ள வணிகத்துக்குக் கிராண்ட் ஒரு சாராரைக் குற்றவாளியாக்கினார். யூதர்கள் ஒரு வகுப்பாகவே வணிக விதிகளை மீறுகிறார்கள், ஆகவே தன் ஆளுகைப் பகுதியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்றது ஆணை. அவருடைய சொந்தத் தந்தை ஜெசி கிராண்ட், சின்சினாட்டியின் மாக் சகோதரர்கள் என்ற யூத வணிகர்களோடு கூட்டுச் சேர்ந்து பருத்தி அனுமதி கேட்டு மகனிடமே வந்து நின்றது அந்த நாட்களில்தான். மகனின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

கென்டக்கியின் படூக்கா நகரிலிருந்து ஏறத்தாழ 30 யூதக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். வடக்குப் படையில் ஏற்கெனவே போரிட்டுத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். நோயுற்றுக் கிடந்த இரண்டு பெண்களை அண்டை வீட்டார் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். சீசர் காஸ்கெல் என்ற வணிகர் முதலில் லிங்கனுக்குத் தந்தி அடித்தார், பிறகு தானே வாஷிங்டனுக்குக் கிளம்பினார். 1863 ஜனவரி 3 அன்று ஜனாதிபதியைச் சந்தித்தார். அடிமை விடுதலை அறிவிப்பில் லிங்கன் கையெழுத்திட்டு அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாளே ஆணையைத் திரும்பப் பெறுமாறு தலைமைத் தளபதி ஹாலெக் தந்தி அனுப்பினார். பிறகு எழுதிய விளக்கத்தில் ஹாலெக் சொன்னதைக் கவனியுங்கள்: துரோகிகளையும் யூதச் சில்லறை வியாபாரிகளையும் விரட்டுவதில் ஜனாதிபதிக்கு ஆட்சேபம் இல்லை, நம் படையிலேயே போரிடுபவர்களைக் கொண்ட ஒரு முழு மதத்தாரையும் விலக்கியதால்தான் ரத்து என்றார். ரத்தை விளக்கும் கடிதத்திலேயே ஆணையின் மூலக் கருத்து பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

கிராண்ட் பின்னாளில் வருந்தினார். ஜனாதிபதியாகப் பல யூதர்களைப் பதவிகளில் அமர்த்தினார். 1876-இல் வாஷிங்டனின் அதாஸ் இஸ்ரேல் தொழுகைக்கூடத் திறப்பு விழாவில் கலந்துகொண்டார். இதை மனதாரப் பாராட்டுகிறேன். அந்த ஆணை அவருடைய அடிமனத்துக் கொள்கையிலிருந்து வந்ததாக நான் நினைக்கவில்லை. அவரைச் சுற்றி இருந்த அன்றாட எழுத்திலிருந்து வந்தது. பேரேட்டில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதிய சொல்லை அவர் தன் ஆளுகைப் பகுதி முழுவதற்கும் எழுதினார்.

4. சரடோகா, 1877

நான்காம் பகுதியை விரைவாகவே சொல்கிறேன். இதுதான் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியது. ஜோசப் செலிக்மன் பவேரியாவிலிருந்து 1837-இல் வந்து, மூட்டை சுமந்து, பெரிய வங்கியாளரானவர். உள்நாட்டுப் போரின்போது அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை ஐரோப்பாவில் விற்றுத் தந்தவர். 1877 ஜூனில் சரடோகா ஸ்பிரிங்ஸின் கிராண்ட் யூனியன் விடுதியில் குடும்பத்தோடு தங்கப் போனபோது, யூதர்களுக்கு இனி இடமில்லை என்று விடுதி மேலாளர் சொல்லிவிட்டார். முன்பு தங்கிய அதே விடுதி. நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த நீதிபதி ஹென்றி ஹில்டன், தன் முடிவைப் பத்திரிகைகளில் விளக்கி விளக்கி எழுதினார். போதகர் ஹென்றி வார்டு பீச்சர் தன் புரூக்ளின் தேவாலயத்தில் செலிக்மனுக்கு ஆதரவாகப் பிரசங்கம் செய்தார்.

விடுதிகள் அதற்கு முன்பும் யூதர்களை ஓசையின்றித் திருப்பி அனுப்பியதுண்டு. புதியது என்னவென்றால், அதை வெளிப்படையாக அச்சில் சொல்லி, காரணமும் சொல்லி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று காட்டியது. இரண்டே ஆண்டுகளில் கோனி ஐலண்டின் மன்ஹாட்டன் பீச் விடுதிக்காரர் ஆஸ்டின் கார்பின், தன் கடற்கரையில் யூதர் வேண்டாம் என்று செய்தியாளரிடமே சொன்னார். அதன் பின் கோடை விடுதி விளம்பரங்களில் அது ஒரு வரியாக இடம்பிடித்தது. 1893-இல் நியூயார்க்கின் யூனியன் லீக் கிளப், தன் துணைத் தலைவர்களில் ஒருவரான ஜெசி செலிக்மனின் மகனைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. ஜெசி அன்றே விலகினார். ‘பக்’ முதலான வண்ண வார இதழ்களில் வளைந்த மூக்கும் பெரிய மோதிரமும் கொண்ட உருவம் வாரந்தோறும் வந்தது. ‘பக்’கை நடத்திய ஜோசப் கெப்லரே வியன்னாவிலிருந்து வந்து குடியேறியவர்.

கவனியுங்கள், இங்கேயும் மண்ணின் மைந்தர் வாதம் மையத்தில் இல்லை. செலிக்மன் அந்நியர் என்று ஹில்டன் குற்றம் சாட்டவில்லை. நாகரிகமற்ற பணக்காரர் என்றார். இது வர்க்கத்தின் மொழி.

5. ரத்தம் என்ற புதிய காரணம்

1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். தெற்கு ரஷ்யாவில் யூதக் குடியிருப்புகளின் மேல் தாக்குதல்கள் தொடங்கின. அங்கிருந்து 1914 வரை ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். இத்திஷ் பேசியவர்கள், ஏழைகள், நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில் தையல் எந்திரத்தின் முன் குனிந்தவர்கள். நான் சொன்ன இணைப்பு நடந்தது இந்த ஆண்டுகளில்தான்.

முதலில் நூல்கள். 1888-இல் நியூயார்க்கில் டெலிமகஸ் திமயேனிஸ் என்பவர் யூதர்களைத் தாக்கி நூல்கள் வெளியிட்டார். இரண்டாண்டுகளுக்கு முன் பிரான்சில் எதுவார் த்ரூமோன் எழுதிய நூலே அவருக்கு மாதிரி. திமயேனிஸ் ஸ்மிர்னாவிலிருந்து வந்த கிரேக்கர். கிரேக்க மொழி ஆசிரியர். மதிப்பான ஒரு கிரேக்க வரலாறும் எழுதியவர். அமெரிக்காவை யூதர்களிடமிருந்து காப்பாற்றப் புறப்பட்டவரும் ஒரு குடியேறிதான். யூதருடைய குற்றம் அவருடைய வேதத்தில் இல்லை, இனத்தில் இருக்கிறது என்ற வாதத்தை அமெரிக்க அச்சில் முழு நூலளவுக்கு விரித்தவர் அவரே.

திமயேனிஸைப் படித்தவர்கள் குறைவு. இக்னேஷியஸ் டானலியைப் படித்தவர்கள் ஏராளம். மினசோட்டாவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். விடுதலை பெற்ற கறுப்பர்களின் கல்விக்காகக் குரல் கொடுத்தவர். கோதுமை விலை வீழ்ந்து, வட்டி ஏறி, நிலம் ஏலம் போன விவசாயிகளின் துயரத்தை உண்மையாக உணர்ந்தவர். 1892-இல் மக்கள் கட்சியின் ஒமாஹா பிரகடனத்துக்கு முகவுரை எழுதியவர். அதற்கு இரண்டாண்டு முன் புனைபெயரில் ‘சீசரின் தூண்’ என்ற நாவலை வெளியிட்டார். கதை நடப்பது 1988-இல். உலகை ஆளும் செல்வர் கூட்டத்தின் தலைவன், இத்தாலியப் பிரபுப் பட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு யூதன். அவர்களைக் கவிழ்க்கும் புரட்சிக் குழுவின் மூளையும் யூதன். கடைசியில் குழுவின் பணத்தோடு தப்பிப்போகிறான்.

இந்நாவலில் என்னை மிகவும் கலங்க வைக்கும் இடம் இந்த வில்லன்கள் வரும் இடம் இல்லை. யூதர்கள் எப்படி உச்சிக்கு வந்தார்கள் என்று ஒரு பாத்திரம் விளக்கும் இடம். கிறித்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அவர்களைக் கொடுமைப்படுத்தினார்கள். வலியவரும் தந்திரசாலிகளும் மட்டுமே அதில் பிழைத்தார்கள். ஆகவே இன்றைய யூதன் அந்தத் தேர்வின் விளைவு என்கிறது அது. பரிவுபோல் ஒலிக்கும் பேச்சு. கிறித்தவரின் கொடுமையை ஒப்புக்கொள்ளவும் செய்கிறது. ஆனால் டார்வினின் மொழியை எடுத்துக்கொண்டு, ஒரு மக்கள் கூட்டத்தின் குணத்தை அதன் உடலுக்குள் வைத்துத் தைத்துவிடுகிறது. மதமாற்றத்தால் மாறாது, குடியுரிமையால் மாறாது, நூறாண்டு வாழ்ந்தாலும் மாறாது. லெவினைப் போன்ற ஒருவருக்கு இனி எந்த மேடையும் இல்லை.

1893-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு வில்லியம் ஹார்வி வெள்ளி நாணயத்துக்கு ஆதரவாக எழுதிய பிரசுரங்கள் இதை இன்னும் எளிமையாக்கின. அவருடைய 1894 நாவலில் லண்டனின் பாரன் ரோத் என்ற வங்கியாளர், அமெரிக்க வெள்ளி நாணயத்தை அழிக்கத் தன் உறவினனை வாஷிங்டனுக்கு அனுப்புகிறார். பெயரைப் பார்த்தாலே யாரைச் சுட்டுகிறார் என்று தெரியும். 1895-இல் அரசு தங்கக் கையிருப்பைக் காக்க ஜே. பி. மார்கனிடமும், ராத்ஸ்சைல்டு குடும்பத்தின் முகவரான இளைய ஆகஸ்ட் பெல்மான்டிடமும் கடன் பத்திரங்கள் மூலம் தங்கம் வாங்கியபோது, நாவல் உண்மையாகிவிட்டது என்றே பலர் எண்ணினார்கள். மார்கன் யூதர் இல்லை என்பதும், பெல்மான்டு கிறித்தவராக வளர்ந்தவர் என்பதும் யாருக்கும் இடையூறாக இல்லை.

1950-களில் வரலாற்றாசிரியர் ரிச்சர்டு ஹாப்ஸ்டாடர் மக்கள் கட்சியின் விவசாயி இயக்கத்தின்மேல் யூத வெறுப்பின் பழியைக் கனமாகச் சுமத்தினார். வான் வுட்வர்டு முதலியோர் மறுத்தார்கள். இந்த வழக்கில் நான் மறுத்தவர்கள் பக்கம்தான் நிற்கிறேன். டானலியையும் ஹார்வியையும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்கள் பயிரிடும் மக்களிடம் சொன்ன கதையைவிட, பாஸ்டனில் படித்தவர்கள் எழுதியதற்கு நீண்ட ஆயுள் இருந்தது. ஏனென்றால் அது சட்டமானது.

1894-இல் பாஸ்டனில் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கியவர்கள் ஹார்வர்டில் 1889-இல் பட்டம் பெற்ற மூன்று நண்பர்கள். 1896 ஜூனில் ‘அட்லாண்டிக் மன்த்லி’யில் பிரான்சிஸ் வாக்கர் ஒரு கட்டுரை எழுதினார். 1870, 1880 மக்கள் தொகைக் கணக்கெடுப்புகளை நடத்தியவர், பொருளியலாளர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர். கிழக்கு, தெற்கு ஐரோப்பியர் வாழ்க்கைப் போரில் தோற்ற இனங்களின் தோற்ற மனிதர்கள் என்றார் அவர். இந்த எழுத்தில் வசை இல்லை. எண்கள் இருக்கின்றன, பிறப்பு விகிதம் இருக்கிறது, நிதானம் இருக்கிறது. யூதரைத் தனியே குறிக்க வேண்டிய தேவைகூட அதற்கு இல்லை. மற்றவர்களோடு சேர்த்து ரத்தத்தின் பட்டியலில் வைத்தால் போதும். ஆனால் அதைப் படித்தவரின் மனதில் ‘பக்’ இதழின் உருவமும் டானலியின் பிரபுவும் ஏற்கெனவே இருந்தார்கள். உலகத்தை விலைக்கு வாங்கும் வங்கியாளனும், தோற்று ஓடிவந்த தையல்காரனும் ஒரே ஆளாக முடியாது. முரண்பட்ட இரண்டு படங்களையும் ஒரே சட்டத்துக்குள் மாட்ட ‘இனம்’ என்ற கருத்து உதவியது.

ஹென்றி கபாட் லாட்ஜ் கொண்டுவந்த எழுத்தறிவுச் சோதனை மசோதாவை 1897 மார்ச் 2 அன்று ஜனாதிபதி கிளீவ்லாந்து மறுத்துத் திருப்பி அனுப்பினார். 20 ஆண்டு கழித்து, 1917-இல், ஜனாதிபதி வில்சனின் மறுப்பையும் மீறி அது சட்டமானது. இந்தியாவையும் உள்ளடக்கிய ஆசியத் தடை மண்டலத்தை வகுத்ததும் அதே சட்டம்தான். 1924-இன் சட்டம், ஒவ்வொரு நாட்டுக்கும் 1890 கணக்கெடுப்பில் இருந்த தொகையில் 2 விழுக்காடு என்று ஒதுக்கியது. 1890-ஐத் தேர்ந்தெடுத்ததன் நோக்கம் வெளிப்படை: பெரும்பாலான கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் தெற்கு இத்தாலியரும் அதற்குப் பிறகு வந்தவர்கள். அடுத்த பத்தாண்டில் ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் தப்ப முயன்றவர்கள் வந்து முட்டியது இந்தச் சுவரில்தான்.

6. மறுமொழி எழுதியவர்கள்

1882 ஏப்ரலில் ‘செஞ்சுரி’ இதழில் ரகோசின் அம்மையார், ரஷ்யத் தாக்குதல்களுக்கு யூதர்களே காரணம் என்று எழுதினார். அடுத்த மாதமே எம்மா லாசரஸ் அதே இதழில் பதில் எழுதினார். நியூயார்க்கின் பழைய, வசதியான யூதக் குடும்பத்துப் பெண் அவர். வார்ட்ஸ் தீவில் தங்கவைத்திருந்த அகதிகளிடையே வேலை செய்தார். அடுத்த ஆண்டு சுதந்திர தேவி சிலைக்கான நிதிக்காகப் புகழ்பெற்ற ஒரு கவிதையை எழுதினார். 1890-இல் பிலிப் கோவன் தன் ‘அமெரிக்கன் ஹீப்ரூ’ இதழில், யூத வெறுப்பின் காரணம் என்ன, தீர்வு என்ன என்று பெயர்பெற்ற கிறித்தவர்களிடம் கேட்டு அவர்கள் விடைகளை அச்சிட்டார்.

சைமன் வுல்ஃப் செய்தது இவர்களிலிருந்து வேறுபட்டது. உள்நாட்டுப் போரில் யூத வீரர் எவரையும் தான் பார்த்ததில்லை என்று ஒருவர் 1891-இல் ‘நார்த் அமெரிக்கன் ரிவ்யூ’வில் எழுதியிருந்தார். வாஷிங்டனில் வழக்கறிஞராக இருந்த வுல்ஃப், படைப்பிரிவு படைப்பிரிவாக, மாநிலம் மாநிலமாகப் பெயர் திரட்டி 1895-இல் ஒரு தடித்த நூல் வெளியிட்டார். ஏறத்தாழ 8,000 பெயர்கள். எந்தப் பிரிவு, எந்தச் சண்டை, எங்கே காயம், எங்கே இறப்பு. ஒரு தலைமுறை தன் பிள்ளைகளின் ரத்தத்தை இப்படி ரசீது போட்டுக் காட்ட வேண்டி வந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அந்தப் பெயர்கள் அச்சில் வந்து நான்கு ஆண்டு கழித்து, 1899 செப்டம்பரில், மார்க் ட்வைன் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் யூதர்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். வியன்னாவில் வாழ்ந்து, அங்கே யூத வெறுப்பைக் கண்ணால் பார்த்தவர். அவர்களுக்கு ஆதரவாகவே எழுதினார். ஆனால் போர் என்றால் யூதர் படையில் சேர விரும்புவதில்லை என்ற பழியை அதில் தானும் திருப்பிச் சொன்னார். எதிர்ப்பு எழுந்தது. போர்த் துறையின் புள்ளிவிவரங்களைப் பார்த்தபின், யூதர்கள் தங்கள் தொகைக்கு ஏற்ற அளவிலும் அதற்கு மேலும் போரிட்டிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டு, கட்டுரை நூலில் சேர்ந்தபோது ஒரு பின்குறிப்பு எழுதினார். கட்டுரைக்குள் இருந்த வரியை அவர் நீக்கவில்லை. இன்று ட்வைனின் தொகுப்பைத் திறந்தால் பழியும் மறுப்பும் சில பக்க இடைவெளியில் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன.